இளைத்தவளும் இளைக்க வேண்டியவனும்

என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதைச் சென்னை டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது. புரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன்.

"இந்த ஈரல்ல பெரிய பங்க வெட்டி உங்க தங்கச்சிக்கு வச்சா, அவங்களுக்கும் சரியா வேலை செய்யாது, மிச்சத்த வச்சுக்கிட்டு நீங்களும் கஷ்டப்படுவீங்க. எடையக் குறைச்சிட்டு வாங்க. ஆனா ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு அவ்வளவு டைம் இல்ல" என்றார்.

ரத்தப் பிரிவு பொருந்திவிட்டது. இதயம் நன்றாக இருந்தது. சர்க்கரை இல்லை. குறுக்கே நின்றது என் தொப்பை மட்டும்தான். நெய்வேலிக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அதன் மேல் கையை வைத்தபடி காரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் டவுன்ஷிப்பில் பர்மனென்ட் ஆர்டர் முதலில் வரும், தொப்பை பின்னாலேயே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் மண் வெட்டிய என் அப்பா சட்டிச் சோறு சாப்பிடுவார், ஆனால் கடைசி வரை ஒட்டிய வயிற்றோடுதான் இருந்தார். நான் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். குளிரூட்டிய அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது என் வேலை. அப்பா சாப்பிட்ட சோற்றில் பாதிதான் நான் சாப்பிட்டேன், அதுவே எனக்கு அதிகமாகிவிட்டது.

தங்கச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். குள்ளஞ்சாவடியில் கட்டிக்கொடுத்தோம். உடம்பு தன் ஈரலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற ஒரு நோய் அவளுக்கு. குடிக்காத பெண்ணுக்கு எப்படி ஈரல் போகும் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினேன். பிறகு, "நான் குடிச்சேன், அவளுக்குப் போயிடுச்சு" என்று சொல்லி வாயை அடைத்தேன். அவள் வீட்டுக்காரருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எங்களுக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவள் பிழைக்க வேண்டும் என்றால் நான் இளைக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக என் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை.

அவள் வீட்டுக்காரர் குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார முடியாது. அதனால் அவள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். என் மனைவி முன்னறையில் ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். ஒரே வீட்டில் ஒருத்தி எடை கூட வேண்டும், ஒருவன் எடை குறைய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறவள் என் மனைவி. அவள் தலையெழுத்தை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

தங்கச்சிக்குப் பசி என்பதே போய்விட்டிருந்தது. தாளிக்கிற வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் கழுத்து வரை நிரம்பிவிட்டது போல இருக்கும் அவளுக்கு. படுக்கப் போகும்போதும் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம் ஈரல் ராத்திரிக்குத் தேவையான சர்க்கரையைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாம். அவள் ஈரலால் அது முடியாது. நமக்குப் பல நாள் பட்டினி எப்படியோ, அவளுக்கு ஒரு ராத்திரிப் பட்டினி அப்படி. விடிவதற்குள் உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிடும்.

எனக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. காலை டிபனை நிறுத்தினேன். மதியம் இரண்டு கரண்டி சோறு, ராத்திரி ஒரு சப்பாத்தி, நடுவில் வெள்ளரிக்காய். தங்கச்சி எதிரில் உட்கார்ந்து தயிர்சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எனக்குப் போதும்ணா. நீ வேணா இத தின்னுடேன்" என்பாள்.

"வாய மூடிக்கினு சாப்புடு. உனக்காவத்தான் நான் கெடந்து காயறேன்" என்பேன்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, பொறாமையும் வந்தது. உயிருக்குப் போராடுகிறவளின் தயிர்சோற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பசி அந்த அளவுக்கு மட்டமானது.

கேன்டீனில் பையன்கள் சும்மா விடுவார்களா? "இன்னாண்ணே, பொண்ணு பாக்கப் போறியா? அண்ணிக்குத் தெரியுமா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். விஷயம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கிண்டல் செய்தார்கள். வடையை என் கண்ணில் படாமல் மறைத்துத் தின்றதும் அவர்கள்தான்.

எடை மளமளவென்று இறங்கியது. முதல் இரண்டு வாரத்தில் நாலு கிலோ. இந்தக் கணக்கில் போனால் சீக்கிரமே டாக்டர் முன் நிற்கலாம் என்று தங்கச்சியின் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அதைவிடப் பெரிய சந்தோஷம், தங்கச்சிக்கும் இரண்டு கிலோ ஏறியிருந்தது. வீட்டில் இருந்த எடை மெஷினில் அவளை ஏற்றி நிறுத்தி, என் மனைவி குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"பாருங்க, என் கைச் சமையலு! வயித்துல கொஞ்சம் சத புடிச்சிருக்கு பாருங்க" என்றாள்.

தங்கச்சியும் சிரித்தாள். அன்றைக்கு வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் மட்டும் வெள்ளரிக்காய் தின்றேன்.

அதற்குப் பிறகு முள் நகரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இன்னொரு வாரம் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றது. இங்கேதான் நான் பாய்லர்காரனாக யோசித்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். சுரங்கத்திலிருந்து வருகிற நிலக்கரியைக் குறைத்தால் அடுப்பு பங்கரில், அதாவது சேமிப்புத் தொட்டியில், சேர்ந்திருக்கிற இருப்பைத்தான் எடுத்து எரிக்க வேண்டும். என் இருப்பு தொப்பையில் இருக்கிறது. அப்படியானால் இன்னும் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். காலையில் மூச்சு வாங்க டவுன்ஷிப் ரோட்டில் நடந்தேன்.

அப்போது சித்திரை வெயில். நெய்வேலி வெயிலோடு சாம்பல் தூசியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்குக் குளிர்ந்தது. ராத்திரி ஃபேனை நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டிய என் மனைவி எழுந்து போட்டாள். நான் திரும்ப எழுந்து நிறுத்தினேன். கன்ட்ரோல் ரூமுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்து ஷிப்டில் இருந்தவர்கள் ஊட்டியிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். முன்பெல்லாம் டூட்டியில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். எழுந்து நடப்பேன், தேவையில்லாமல் போய் மீட்டரைப் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவனிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வேன். இப்போது தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அதை நான் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள்.

"காலைல ஒரு மணி நேரம் நடக்கறீங்க. அப்பறம் நாள் பூரா பொணமாட்டம் படுத்துக்கினு கெடக்கறீங்க. இதுக்கு நடக்காமயே இருக்கலாங்க" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் மேல் எரிந்து விழுந்தேன். அதற்குத் தோதாகப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து அறுத்து, பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். வீடு முழுக்க அந்த வாசனை. சுளையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள் என்று நான் கத்தினேன். நல்ல மனுஷன், அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

மறு பரிசோதனைக்குத் தங்கச்சி வீட்டுக்காரரையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் சென்னைக்குப் போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்ன வயதுப் பெண். கண்ணாடி போட்டிருந்தார். நான் சாப்பிடுவதைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் பாராட்டு தெரியவில்லை.

"சார், நீங்க ஒரு நாள் முழுக்க கட்டில்ல அசையாம படுத்திருந்தாலும் உடம்பு எரிச்சுக்கிட்டேதான் இருக்கும். இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எதுவும் லீவு எடுக்காது. உங்க ஒரு நாள் செலவுல பெரிய பங்கு அதுதான். நடக்கறது, வேலை செய்யறதெல்லாம் அதுக்கு மேல கொஞ்சம்" என்றார்.

அது எனக்குப் புரிந்தது. வெளியே ஒரு யூனிட் கரண்ட் போகாத அன்றும் எங்கள் நிலையத்தில் ஃபேனும் பம்ப்பும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"நீங்க திடீர்னு இவ்வளவு குறைச்சதும் பஞ்சம் வந்துடுச்சுன்னு உடம்பு நெனச்சுக்கும். செலவக் கொறைக்கும். உங்களுக்கே தெரியாம நீங்க எழுந்து நடக்கறது, அசையறதக்கூடக் கொறைச்சுடும். உங்களுக்குக் குளிருதா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உணவு ஆலோசகரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் சண்டையில் அவளுக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

"அதோட, உடம்பு எளைச்சா சின்ன உடம்புக்குத் தேவையும் கம்மி. நீங்க தசையையும் இழந்திருக்கீங்க. கொழுப்ப விட தசைதான் சும்மா இருக்கும்போது அதிகம் எரிக்கும். அதப் போக்கிட்டா அடுப்பு இன்னும் சின்னதாயிடும்."

"மொதல்ல நாலு கிலோ எறங்குச்சேங்க?" என்று கேட்டேன். அந்த நாலு கிலோவையாவது காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன்.

"அதுல நெறைய தண்ணி சார். உடம்புல சேத்து வச்ச சர்க்கரையோட தண்ணியும் ஒட்டிக்கிட்டு இருக்கும். சர்க்கரை தீந்ததும் தண்ணியும் போயிடும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டி எடுத்த டன் கணக்கைப் பார்த்து எங்களில் யாரும் ஏமாற மாட்டோம், ஈரம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்போம். என் உடம்பு விஷயத்தில் மட்டும் டன் கணக்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருக்கிறேன்.

பிறகு அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். இரண்டு கிலோ ஏறியதை என் மனைவி ஆசையாகச் சொன்னாள். அவர் தங்கச்சியின் புடவையைக் கணுக்கால் வரை விலக்கி, காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிறகு மேல் கையைச் சுற்றி டேப் போட்டார். அந்தக் கையை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ரவிக்கைக் கை நீளமாக இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. முழங்கைக்கு மேலே தோல் மட்டும் தொங்கியது.

"இது சதை இல்லைம்மா. வயித்துலயும் கால்லயும் தண்ணி கோத்திருக்கு. உள்ள அவங்க எளைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

"நாள் பூரா படுத்துக்கினேதான இருக்கா? சாப்புடறது எங்கதாங்க போவுது?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார்.

"நோய் வந்த உடம்பு படுத்திருக்கும்போதும் அதிகமா எரிக்கும் சார். உள்ள சண்டை நடந்துக்கிட்டே இருக்குல்ல" என்றார்.

என் எடையில் தண்ணீர் போனது. அவள் எடையில் தண்ணீர் வந்தது. நாங்கள் இரண்டுக்கும் சேர்த்துக் கையைத் தட்டியிருக்கிறோம். என் மனைவி அங்கேயே அழுதாள். தங்கச்சிதான் அவளைத் தேற்றினாள். "உன் சமையலு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள்.

டாக்டர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். தங்கச்சி இன்னும் தசையை இழந்தால் ஆபரேஷனைத் தாங்க மாட்டாள். நான் எப்போது தயாரானாலும் அதில் பயன் இருக்காது. என் ஈரலில் கொழுப்பு ஓரளவு குறைந்திருக்கிறது, ஆனால் போதாது என்றார். இதுவரை நான் மட்டும் ஓடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு மாறியது. எனக்குக் காலை டிபன் திரும்ப வந்தது. முட்டை, சுண்டல், பருப்பு, மீன் என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சமையல். சோறு மட்டும் எனக்குக் கொஞ்சம், அவளுக்கு நிறைய. அவளுக்கு உப்பு மட்டும் குறைவு. அவளுக்கு ஒரே நேரத்தில் இறங்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொடுத்தோம். படுக்கப் போகும்போது சத்துமாவுக் கஞ்சி. நான் தண்ணீர் கேன்களை நிரப்பி வைத்துக்கொண்டு தூக்கித் தூக்கி இறக்கினேன். அவளையும் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னோம். எனக்குக் குளிர் விட்டுப்போனது. டூட்டியில் திரும்பவும் எழுந்து நடந்தேன், கதை சொன்னேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரிடம் போய் நானாகவே பலாப்பழச் சமாச்சாரத்தை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் எடை மெதுவாகத்தான் இறங்கியது. வாரத்துக்கு அரைக் கிலோ கூட இல்லை. இதுதான் சரியான வேகம் என்றார் உணவு ஆலோசகர். சரியான வேகத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று அவர் சொல்லித் தரவில்லை. பட்டினி கிடந்தபோது ஏதோ செய்கிறோம் என்ற திருப்தியாவது இருந்தது. இப்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண் எதிரே அவள் மஞ்சளாகிக்கொண்டே போகிறாள். எனக்கு அந்த நாட்களில் இருந்த பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

ஒருநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா எந்த ஷிப்டு போயிருக்காரு?" என்று கேட்டாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. விளையாடுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. ஈரல் சுத்தம் செய்யாத விஷம் மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். உடனே ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோனோம்.

மருந்தில் அவளுக்குத் தெளிவு வந்தது. வயிற்றிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள். எடுத்த பிறகு படுக்கையில் கிடந்தது என் தங்கச்சிதான் என்று நம்ப எனக்குச் சிறிது நேரம் ஆனது. நான் டாக்டரின் அறைக்கே போய் நின்றேன்.

"இப்பவே எடுத்துக்குங்க. எனக்கு எது ஆனாலும் பரவால்ல" என்றேன்.

"உங்களுக்கு ஆனா அவங்களுக்கும் ஆகும். போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார் அவர். கோபப்படாமல்தான் சொன்னார்.

ஸ்கேன் எடுத்தார்கள். திரையை இந்த முறை அவர் என் பக்கம் திருப்பவில்லை. தானே நெருங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "கொழுப்பு கொறைஞ்சது போதும். அட்மிட் ஆயிடுங்க" என்றார். அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. மயக்கம் கொடுத்தார்கள், விழித்தேன், வயிற்றில் தீ வைத்தது போல் இருந்தது. அவ்வளவுதான். தங்கச்சி இன்னொரு தளத்தில் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பார்க்க விடவில்லை. கேட்கும்போதெல்லாம் "ஸ்டேபிளா இருக்காங்க" என்றார்கள். எங்கள் நிலையத்தில் மின்சாரம் எடுக்கிற ஒரு யூனிட்டைப் பற்றி அப்படிச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இங்கே அந்த வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

சில நாள் கழித்து அதே உணவு ஆலோசகர் என் படுக்கைக்கு வந்தார். தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது.

"சும்மாதான படுத்திருக்கோம், சாப்பாடு எதுக்குன்னு நெனைக்காதீங்க சார். வெட்டின எடத்துல ஈரல் வளந்துக்கிட்டு இருக்கு. இப்ப படுத்துக்கிட்டே நீங்க எரிக்கறது ஷிப்டுல எரிச்சத விட அதிகமா இருக்கும். இத்தன மாசம் அளவா சாப்பிடுங்கன்னு சொன்ன நானே கேக்கறேன், நல்லா சாப்பிடுங்க" என்றார்.

"அவ சாப்புடறாளா?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று போனார். நான் தட்டை மூடி வைத்துவிட்டேன்.

மதியம் என் மனைவி வந்தாள். தங்கச்சி இருந்த தளத்திலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. முகக்கவசத்தை மோவாய்க்கு இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னா ஆச்சு? சொல்லு" என்றேன்.

"ஒரே ஒரு இட்லி குடுத்தாங்களாங்க. அத தின்னுட்டு, இன்னும் ரெண்டு குடுங்க, பசி தாங்கலன்னு நர்ஸம்மாகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்காங்க உங்க தங்கச்சி. கண்ணாடிக் கதவுக்கு வெளிய வரைக்கும் சத்தம் கேக்குது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் தையல் இழுத்தது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதேன்.